மூன்றாவது கறுப்புக் குப்பி

மௌனம், நாள் 8. 07:10

நிலையம்: நிலவின் மறுபக்கம், வானொலித் தொலைநோக்கி. பொறுப்பாளர்: ம. இசக்கியம்மாள். ஆட்கள்: நான் ஒருத்திதான்.

காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. கரியமில வாயு அளவு சரி. தொலைநோக்கி கேட்டுக்கொண்டிருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இதை யார் படிப்பீர்களோ தெரியாது, அதனால் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பூமியின் இரைச்சல் எட்டாத இடம் என்பதால்தான் தொலைநோக்கியை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை நாற்பது நாள் மௌனகாலம். பெரிய ஆன்டெனாவை மடித்து வைத்துவிட வேண்டும். நான் யாரையும் கூப்பிடக் கூடாது, என்னையும் யாரும் கூப்பிட மாட்டார்கள். என்னிடமிருந்து சத்தம் வரவில்லை என்றால் நான் சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

பொழுதுபோக்குக்கு, துணைக்கோள் வழியாக ஒரு சின்ன லேசர் இணைப்பு உண்டு. ஒளி என்பதால் தொலைநோக்கிக்குத் தொந்தரவில்லை. அதில் சினிமா இறங்கும். போகவும் வரவும் வேலை செய்வது ஒன்றே ஒன்று, 'கறுப்புப் பாய்' என்ற கடற்கொள்ளையர் விளையாட்டு. ஏதோ விளம்பர ஒப்பந்தத்தில் இலவசமாகத் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒரு தரம் திறந்து பார்த்தேன். இங்கிருந்து பூமிக்குப் போய்த் திரும்ப மூன்று நொடி ஆகிறது, நான் பீரங்கியைத் திருப்புவதற்குள் கப்பல் கடலுக்கு அடியில் இருந்தது. கப்பலின் அடித்தளத்தில், சண்டை போடுபவர்கள் தெம்புக்குக் குடிக்கக் கஷாயம் காய்ச்சும் வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு அவசரமில்லை. அதையும் தொட்டுப் பார்த்தேன். கொப்பரை விளிம்பில் ஒரு தேரை உட்கார்ந்து, நான் காய்ச்சியதைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. மூடிவிட்டேன்.

மௌனம், நாள் 9. 14:25

விண்கல். மிளகு அளவுதான் இருக்கும். பின்கூடத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. கதவை அடைத்துவிட்டேன், காற்றுக் கசிவு நின்றுவிட்டது.

அந்த அறையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, கரியமில வாயுவை உறிஞ்சும் இயந்திரம். இன்னொன்று, ஆன்டெனாவை விரிக்கும் மோட்டார். இரண்டும் போயின. மூச்சு விடுவதற்கானதையும் பேசுவதற்கானதையும் ஒரே அறையில் கொண்டுபோய் வைத்த அந்த மகாபுத்திசாலி யாரென்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

அவசரத்துக்கு உறிஞ்சு டப்பாக்கள் இருக்கின்றன. பதினாறு. நாளுக்கு ஒன்று. நாள் 25 வரை வரும். என்னைப் பூமியிலிருந்து கூப்பிடப்போவது நாள் 40-இல்.

மௌனம், நாள் 10. 19:00

வெளியே போய் ஆன்டெனாவைக் கையால் விரிக்கப் பார்த்தேன். அசையவில்லை. மௌனகாலத்தில் யாரும் ஆசைப்பட்டுத் திறந்துவிடக் கூடாது என்று கீலுக்குள் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள், மோட்டார் சுற்றினால்தான் அது விடும். கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம்.

லேசர் இணைப்பில் செய்தி அனுப்பிப் பார்த்தேன். விளையாட்டைத் தவிர வேறு எதையும் அந்த வழி ஏற்றுக்கொள்ளாது. எழுதினாலும் குப்பையில் போடும்.

ஆக, எனக்கும் மனித இனத்துக்கும் நடுவே மிச்சம் இருப்பது அந்தத் தேரை.

மௌனம், நாள் 11. 09:30

விதிகளைப் படித்துவிட்டேன். நிலையத்துக்கு ஒரே ஒரு கணக்கு. பெயர் 'விருந்தினர்4471', மாற்ற முடியாது. மற்றவர்கள் பேசுவதை விருந்தினர் படிக்கலாம், பதில் எழுத முடியாது. ஏதாவது ஒரு வேலையில் உச்சப் பட்டம் வாங்கினால் உறுப்பினர் ஆகலாம், அப்போது வாய் திறக்கும். சண்டையில் பட்டம் வாங்க அந்த மூன்று நொடி விடாது. கஷாயத்தில் வாங்கலாம். பட்டத்தின் பெயர் 'கஷாய மன்னர்'. கருமம்.

'கருங்கொடி' என்ற கப்பலில் தள்ளினார்கள். உள்ளே போனதும் திரையில் ஓடியது இது:

சூறாவளி: "ஒரு கெஸ்ட் வந்துருக்கான். கஷாயத்துல போடு."
மொட்டைமாலுமி: "கெஸ்ட்டா தலைவரே? பத்து நிமிசத்துல ஓடிருவான்."
அயிரை: "இருக்கட்டும்யா. போன ஆளு காய்ச்சுனத குடிச்சு பாதி பேரு செத்தோம்."

சூறாவளி கப்பல் தலைவன். மற்ற இருவரும் அவன் ஆட்கள். மூன்று பேரும் எங்கேயோ ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, காற்றைப் பற்றி நினைப்பே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மௌனம், நாள் 12. 22:15

வேலை இதுதான். மேலிருந்து வண்ண விதைகள் இரண்டிரண்டாக விழும். ஒரே நிறத்தில் மூன்று ஒட்டினால் கரையும். எல்லாம் கரைந்தால் பச்சைக் குப்பி ஒன்று அலமாரியில் ஏறும். கரையாமல் விளிம்புவரை குவிந்தால் பொங்கிக் கெட்டு, கறுப்புக் குப்பி. அவ்வளவுதான். இதை ஒரு குழந்தைக்குக் கொடுத்தால் அரை மணியில் தூக்கி எறிந்துவிடும். நான் இன்று பதினோரு மணி நேரம் செய்தேன்.

விதை விழும்போதெல்லாம் 'களக் களக்' என்று ஒரு சத்தம், யாரோ எச்சிலைக் கூட்டிக் கூட்டி விழுங்குவதுபோல. அதை நிறுத்த வழியே இல்லை, சத்தத்தை நிறுத்தினால் விளையாட்டும் நின்றுவிடுகிறது. குப்பி நன்றாக வந்தால் தேரை குடித்து, ஏப்பம் விட்டு, தாடையில் வழிவதை நாக்கால் துடைத்துக்கொள்ளும். கெட்டால் துப்பும். இன்று பெரும்பாலும் துப்பியது.

மௌனம், நாள் 14. 20:40

சூட்சுமம் பிடிபடுகிறது. திரையில் நான் பார்ப்பது மூன்று நொடிப் பழசு. பார்த்துப் போட்டால் தாமதம். பார்க்காமல் போட வேண்டும். விளிம்பை முதலில் அடைத்து நடுவைக் காலியாக விட வேண்டும். தனிச் சிவப்பைத் துரத்தக் கூடாது, இரண்டு நீலம் வந்த பிறகு அது தானாகவே வரும். கடைசி விதையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்து வைத்திருக்கலாம், ஆனால் அடுப்புச் சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

வானொலி அலைகளில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். என் மூளையில் இன்றைக்கு இருப்பது ஊதா விதையின் குணநலன்கள்.

டப்பா ஒன்று முழு நாளைக்குப் போதவில்லை. வாயு அளவு ஏறுகிறது. தலைவலி. உப்புமா டப்பாவைத் திறந்தால் குமட்டுகிறது, என் வியர்வை நாற்றமும் உப்புமாவும் ஒரே மாதிரி இருக்கின்றன.

மௌனம், நாள் 16. 11:05

இப்போது ஒன்றுகூடக் கெடுவதில்லை. கப்பலில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

மொட்டைமாலுமி: "இந்த கெஸ்ட் தூங்கவே மாட்டான் போலருக்கே. நம்ம டீக்கடை மாஸ்டர்கூட இப்படி நின்னதில்ல."
சூறாவளி: "ஆளு இல்லடா அது. தானா ஆடுற ரோபோ. எவனோ புரோகிராம் போட்டு விட்டுட்டுப் போயிட்டான். நமக்கென்ன, கஷாயம் வருதுல்ல."
அயிரை: "புகார் குடுக்கணுமா?"
சூறாவளி: "வாய மூடு. இந்த மாதிரி வாயில்லாத வேலக்காரன் கெடைக்க குடுத்து வைக்கணும்."

படித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. திரையில் தேரை ஏப்பம் விட்டது.

மௌனம், நாள் 18. 16:50

வாங்கிவிட்டேன். கஷாய மன்னர். தேரைக்கும் எனக்கும் தலையில் ஆளுக்கொரு கிரீடம்.

'உறுப்பினர் ஆகுங்கள்' என்று ஒரு பொத்தான் வந்தது. அழுத்தினேன்.

"வாழ்த்துகள்! உங்கள் கைபேசி எண்ணை உள்ளிடுங்கள். ஓடிபி அனுப்பப்படும்."

என் கைபேசி பூமியில், தங்கை வீட்டு அலமாரியில், அணைந்து கிடக்கிறது. அந்த எண்ணையே போட்டேன். ஆறு கட்டம் திறந்தது. கண்ணுக்குத் தோன்றிய எண்களை எல்லாம் அடித்துப் பார்த்தேன். மூன்று முறைக்கு மேல் விடவில்லை, 'பிறகு முயலவும்' என்று சொல்லிவிட்டது.

16:58

ஒரு வாரம். அந்த எச்சில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு வாரம்.

17:20

ஆத்திரத்தில் வந்த விதையை எல்லாம் ஒரே மூலையில் கொட்டினேன். கொப்பரை பொங்கியது. கறுப்புக் குப்பி. தேரை துப்பிவிட்டு என்னைப் பார்த்தது. உடனே எச்சரிக்கை: கற்றுக்குட்டி எத்தனை கெடுத்தாலும் குற்றமில்லையாம், பட்டம் வாங்கியவர் கெடுத்தால் வேண்டுமென்றே கெடுப்பதாகக் கணக்காம். மூன்று கெடுத்தால் கணக்கைப் பதினைந்து நாள் பூட்டிவிடுவார்கள். ஒன்று போய்விட்டது.

அதற்குள் மேலே பேச்சு.

சூறாவளி: "டேய், என்னடா கறுப்பு? சண்டை நேரத்துல எவன் வச்ச வேலை இது?"
அயிரை: "தலைவரே, ரெண்டு மூணு நாளா ஒண்ணுகூட கெடல. இன்னைக்குப் பட்டம் வாங்குன கையோட கெடுக்குது. ரோபோவுக்கு கோவம் வருமா?"
மொட்டைமாலுமி: "கரண்டு போயிருக்கும்."
அயிரை: "கெஸ்ட்டு, நான் சொல்றத நீ படிக்கிறேன்னா ஒண்ணு செய். மனுஷன்னா அடுத்ததையும் கெடு. ரோபோன்னா நல்லா காய்ச்சு."

இத்தனை நாள் நன்றாகக் காய்ச்சியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை கெடுத்ததும் கூப்பிடுகிறார்கள்.

17:41

கெடுத்தேன். இரண்டாவது கறுப்பு. மிச்சம் ஒன்று.

அயிரை: "ஐயோ. ஆளு இருக்கு."

மௌனம், நாள் 19. 08:30

காலையில் எழுந்ததும் திரையில் முதலில் இருந்தது மொட்டையின் கேள்வி. "ஆம்பளையா பொம்பளையா? பொம்பளைன்னா கெடு." என் கடைசிக் கறுப்புக் குப்பியை இந்த ஜென்மத்துக்காகவா செலவழிப்பேன். பச்சையாகக் காய்ச்சி வைத்தேன். "ச்சே, ஆம்பள" என்றான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அயிரைக்கு மட்டும் மண்டையில் ஏதோ இருக்கிறது.

அயிரை: "இனிமே யாரும் கெடுக்க சொல்லாதீங்க. மூணாவது விழுந்தா வெளிய தள்ளிரும். கெஸ்ட்டு, கேளுங்க. நான் ஐசியு நர்ஸ். தொண்டையில குழாய் போட்டவங்களால பேச முடியாது. நாங்க எழுத்த ஒண்ணொண்ணா சொல்லுவோம், சரியான எழுத்து வரும்போது கண்ண மூடுவாங்க. நீங்க கடைசி விதைய கையில பிடிச்சுக்கிட்டு இருங்க. சரியான எழுத்து வந்ததும் விடுங்க. குப்பி ஏறுனா எனக்குத் தெரியும்."

அழுதேன். எழுதி வைப்பதில் வெட்கமில்லை.

12:10

ஒரு எழுத்துக்கு இரண்டு கொப்பரை. அவள் முதலில் க, ங, ச என்று வரிசையாகத் தட்டுவாள், நான் ஒரு குப்பி விடுவேன். பிறகு அ, ஆ, இ. இன்னொரு குப்பி. கொப்பரையைக் கடைசி விதை வரை கொண்டுவந்து, சூடு ஏற ஏறப் பொங்கவிடாமல் பிடித்திருக்க வேண்டும். அவள் தட்டுவது என்னை வந்து சேரும் நேரத்தையும் நான் விடுவது அவளுக்குத் தெரியும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு எழுத்து முன்னே பின்னே போனால் எல்லாம் பாழ். ஒரு வாரம் அந்த அசிங்கத்தைப் பழகாமல் இருந்திருந்தால் ஒரு குப்பிகூட இடத்தில் விழுந்திருக்காது. இதை ஒப்புக்கொள்வதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

'நிலா' என்று எழுதினேன். மொட்டை விழுந்து விழுந்து சிரித்தான். அயிரை சிரிக்கவில்லை. 'கா' என்று ஆரம்பித்ததும் அவளே கேட்டாள்: "காத்தா? மூச்சு விட காத்து பத்தலயா?" விதையை விட்டேன்.

அயிரை: "எத்தன நாளைக்கு வரும்?"

எண்களைத் தட்டினாள். ஆறில் விட்டேன்.

மௌனம், நாள் 20. 15:35

தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இன்று பெரிய கடற்போராம். நான் எழுத்துக்காகக் கொப்பரையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கப்பலுக்குக் கஷாயம் வரவில்லை.

சூறாவளி: "அயிரை, இந்த நாடகத்த நிறுத்து. எவனோ உன்ன வச்சு வெளையாடுறான்."
அயிரை: "நெசமா இருந்தா என்ன செய்வீங்க? ஒரு மணி நேரம் கரை ஒதுங்குனா போதும்."
சூறாவளி: "ஒதுங்குனா போர்ல தோத்ததா கணக்கு. மூணு மாச உழைப்பு. நிலாவுலேர்ந்து பேசுறவன் நாளைக்கும் பேசுவான், சண்ட இன்னைக்குத்தான்."

பேசி முடிக்கும்போதே நீக்கிவிட்டான். என் குப்பிகளை மட்டும் வைத்துக்கொண்டான். நான் காய்ச்சியது, நூற்றுக்கணக்கில். அதைக் குடித்துத்தான் இந்நேரம் வீரம் காட்டிக்கொண்டிருப்பான்.

மௌனம், நாள் 21. 10:00

துறைமுகச் சாராயக்கடையில் நிற்க வைத்திருக்கிறார்கள். வேலையில்லாத விருந்தினர் எல்லாரும் இங்கே வரிசையில். யார் வேண்டுமானாலும் வந்து அழைத்துப் போகலாம், மறுக்க முடியாது. மூலையில் அந்தத் தேரை, இன்னும் பெரிதாக.

வேறு எவனாவது கூட்டிக்கொண்டு போனால் அவளுக்கு என்னைத் தேட வழியில்லை.

டப்பா ஐந்து. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

13:25

வந்துவிட்டாள். கப்பலை விட்டுவிட்டு, தன் பேரில் ஒரு ஓட்டைத் தோணி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பாய்கூடக் கிழிசல்.

அயிரை: "என் நெலைக்கு இதுதான் குடுத்தாங்க. உள்ள வாங்க. இங்க சண்டையும் இல்ல சாமானும் இல்ல, நம்ம ரெண்டு பேருதான். என் பேரு பெனடிக்டா. தூத்துக்குடி. டூட்டிய மாத்திக்கிட்டு உக்காந்துருக்கேன். உங்க பேரு?"

'இசக்கி' என்று விட்டேன்.

"இசக்கி அக்காவா, இசக்கி அண்ணனா?"

'அக்கா'வில் விட்டேன். தோணியில் ஒரு குப்பி ஏறியது.

"அப்பவே நெனச்சேன். மொட்டைக்கு பதில் சொல்லாம இருந்தீங்க பாருங்க."

23:10

நிலையத்தின் பெயர், மௌனகாலம், உடைந்தது என்ன, எல்லாவற்றையும் ஒவ்வொரு எழுத்தாகக் காய்ச்சிக் கொடுத்தேன். முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. விரல்கள் வீங்கியிருக்கின்றன.

மௌனம், நாள் 22. 18:15

பெனடிக்டா, இந்த நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறாள்.

அயிரை: "அந்த பொண்ணு சொல்லுது, மௌனகாலத்துல அந்த நிலையத்துக்கு பேச முடியாது மேடம், முடிஞ்சதும் கூப்பிடுங்கன்னு. புகார் எண் குடுத்துருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போன ஒடச்சிருப்பேன், அப்புறம் உங்ககூட எதுல பேசுறதுன்னு விட்டேன். நைட்டு பஸ்ஸுக்கு ஏறுறேன் அக்கா. நேர்லயே போறேன்."

உதவி எண்ணாம்.

மௌனம், நாள் 23. 14:40

அயிரை: "ஆபீஸ் வரவேற்பறையில உக்காந்து மொபைல்ல தோணி ஓட்டிக்கிட்டு இருக்கேன். செக்யூரிட்டி ரெண்டு தடவ முறைச்சுட்டாரு. அதிகாரிய பாக்காம எந்திரிக்க மாட்டேன்னுட்டேன்."

இன்று இரண்டு முறை விதையைத் தவறான இடத்தில் போட்டுவிட்டேன். கடைசி நேரத்தில் சமாளித்தேன். கண் இருட்டுகிறது. நீலம் எது ஊதா எது என்று குழம்புகிறது. தவறிப்போய் மூன்றாவதைக் கெடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் கேட்டால் மட்டும் காய்ச்சுகிறேன், மற்ற நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மௌனம், நாள் 24. 11:20

அதிகாரி வந்துவிட்டாராம். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாராம். அவர் சொல்வதை அப்படியே தட்டிக் காட்டுகிறாள்.

"முன்பக்க முகாம்லேர்ந்து வண்டி அனுப்பலாம். நிலாவ சுத்தி வர மூணு நாள். ஆனா வண்டி கெளம்புனா அதோட ரேடியோ, எஞ்சின், எல்லாம் மௌனத்த கலைச்சிரும். இந்த வருஷ ஆராய்ச்சி மொத்தமும் போயிரும். உறுதியா தெரியாம நான் கையெழுத்து போட முடியாது."

என் உயிர் ஒரு தட்டில், அவர்களுடைய அமைதி இன்னொரு தட்டில்.

அயிரை: "எழுத்து எழுத்தா சொன்னாங்களே சார்னு கேட்டேன். எழுத்த டைப் பண்ணது நீங்கதானே, குப்பி ஏதோ நேரத்துல ஏறும்னு சொல்றாரு. அந்த நிலையத்துலேர்ந்து லைன் வருது, சரி. ஆனா பொழுதுபோகாம அவங்க போட்டு வச்ச புரோகிராம் தானா காய்ச்சிக்கிட்டு இருக்கலாமாம், நல்ல குப்பி எத்தன வந்தாலும் அவருக்கு நம்பிக்க வராதாம்."

11:34

அயிரை: "ஒண்ணு கேக்குறாரு அக்கா. எனக்கு சொல்லவே நாக்கு வரல. அந்த மூணாவத கெடுக்க சொல்றாரு. கணக்கு மூடிருமே சார்னு கத்திட்டேன். அதனாலதான் கேக்குறேன்மா, எந்த எந்திரமும் தன்னைத்தானே மூடிக்காது, எவனும் இத்தன நாள் காய்ச்சுன பட்டத்த வேணும்னே தொலைக்க மாட்டான்னாரு. அவர் கைய தூக்குனதும் நான் சொல்லுவேன். அப்ப கெட்டா உடனே கையெழுத்து."

கெடுத்தால் கணக்குப் பூட்டப்படும். அவர் கையெழுத்துப் போட்டாரா என்பது எனக்குத் தெரியவே தெரியாது. கெடுக்காவிட்டால் அவள் சாகும்வரை என்னுடன் பேசிக்கொண்டிருப்பாள். நான் சாகும்வரை, அதாவது நாளை மறுநாள் வரை.

இந்த விளையாட்டைப் பார்த்த முதல் நாளிலிருந்து கொப்பரையைக் கவிழ்க்க ஆசைப்பட்டவள் நான். இப்போது கை வரமாட்டேன் என்கிறது.

11:41

அயிரை: "சாஞ்சு உக்காருங்க, படுக்காதீங்க. அசையாதீங்க. வேலை எதுவும் செய்யாதீங்க. வெளிய போற சட்டையில தனி டப்பா இருக்குமாமே, சார் சொல்றாரு, அத கடைசிக்கு வைங்க. அழாதீங்க அக்கா, அழுதா மூச்சு செலவு. நான் இங்கயேதான் இருப்பேன். வண்டி கெளம்பாம இந்த ஆபீஸ விட்டு நகர மாட்டேன். கை தூக்கிட்டாரு. இப்ப."

11:42

மூலையில் குவித்தேன். சிவப்பு, சிவப்பு, ஊதா, எதுவோ. விளிம்பு தாண்டியது. கறுப்பு.

தேரை துப்பியது.

"விருந்தினர்4471, நீங்கள் கப்பலிலிருந்து வெளியேற்றப்பட்டீர்கள்."

திரையின் ஓரத்தில் அவள் கடைசியாக ஏதோ தட்ட ஆரம்பித்திருந்தாள். 'அக்' வரைக்கும் வந்தது. பிறகு எதுவும் இல்லை.

மௌனம், நாள் 25. 

கடைசி டப்பா. நேரம் பார்க்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். வாயு அளவைக் காட்டும் முள்ளைத் துணியால் மூடிவிட்டேன். பார்த்து என்ன ஆகப்போகிறது.

விளையாட்டைத் திறந்து பார்த்தேன். பூட்டியிருக்கிறது. இன்னும் பதினான்கு நாள் பொறுத்து வரச் சொல்கிறது, சிரித்த முகத்தோடு.

விரல்கள் தானாக ஆடுகின்றன. விளிம்பை அடை. நடுவைக் காலியாக விடு. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

மௌனம், நாள் 26

சட்டைக்குள் இருக்கிறேன். அதன் டப்பா ஒரு நாள் வரும் என்று எழுதியிருக்கிறது. எழுதியவனும் பின்கூடத்தைக் கட்டியவனும் ஒரே ஆளாக இருக்கலாம்.

பெனடிக்டா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டாளோ என்னவோ. அவள் முகம் எனக்குத் தெரியாது. கிழிந்த பாய்தான் தெரியும்.

அந்த ஆள் கையெழுத்துப் போட்டிருப்பான். போடாவிட்டால் அவள் பேனாவை அவன் கையில் திணித்திருப்பாள்.

மௌனம், நாள் 27 அல்லது 28

தலை

நீலம் இரண்டு வந்தால் சிவப்பு. வரவில்லை.

யார் படிப்பீர்களோ. பெனடிக்டாவிடம் சொல்லுங்கள். தூத்துக்குடி. நர்ஸ். அக்கா அழவில்லை என்று. பொய்தான். சொல்லுங்கள்.

கொஞ்சம் கழித்து

களக் களக்.

விளையாட்டை அணைத்துவிட்டேன். திரையும் அணைந்திருக்கிறது. எழுந்துபோய், கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்கிறது. எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னாள். எழுந்துவிட்டேன்.

களக் களக். வெளிக்கதவுப் பக்கம். காற்றை உள்ளே இறைக்கும் பம்பும் இப்படித்தான் சத்தம் போடும். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. யாராவது வெளியிலிருந்து திறந்தால்தான் அது ஓடும்.

யாராக இருந்தாலும் சரி. பேச முடியாது, தொண்டை வறண்டு கிடக்கிறது. முதலில் தண்ணீர் கொடுங்கள். பச்சை நிறத்தில் மட்டும் எதையும் நீட்டாதீர்கள், முகத்திலேயே துப்பிவிடு